மூன்று மணி நேரம் ஓடினால் கரன்ட் வீணா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சமையலறைச் சாதனங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி உறுத்தியது. பாத்திரம் கழுவும் மெஷினான டிஷ்வாஷரை, சிக்கனத்துக்கான ஈகோ மோடில் போட்டால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், கரன்ட் வீண், சீக்கிரம் முடிகிற மோடே நல்லது என்று எழுதியிருந்தார்கள். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மெஷினில் கரன்ட்டைத் தின்பது மோட்டார் அல்ல, தண்ணீரைச் சுட வைக்கிற ஹீட்டர். ஈகோவில் தண்ணீர் 50 டிகிரியை ஒட்டித்தான் சூடாகும். குறைந்த சூட்டை நேரம் ஈடுகட்டிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜைக்கூட அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன். ஈகோவில் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு மணி நேரத்தில் முடிகிற மோடில் ஒன்றேகால். வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்ததில் பத்து லிட்டர்தான் இருந்தது. சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தால் இது எந்த மூலைக்கு?

தினம் ஒரு தடவை என்றாலும் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்டை ஒட்டி ஆகிறது. இரண்டு மாத கரன்ட் பில்லில் 460, 470 யூனிட்டில் நிற்கிற வீடு இதனாலேயே 500-ஐத் தாண்டும். தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருக்கும் சலுகையும் போய்விடும். அதனால் மெஷின் நிரம்பாமல் நான் சுவிட்சைத் தொடுவதில்லை. காலை டிபன் தட்டுகள் இரவு வரை உள்ளேயே காத்திருக்கும்.

என் மாமியாருக்குப் பாத்திரத்தை முக்கால்வாசி கழுவித்தான் உள்ளே வைக்க வேண்டும். அது இரட்டைச் செலவு. சோற்றுப் பருக்கையை வழித்துப்போட்டால் போதும் (இட்லி மாவு காய்ந்த கிண்ணம் மட்டும் கொஞ்ச நேரம் ஊற வேண்டும்).

கடைக்காரர் சொல்லாமல் விட்டது உப்பு விஷயம். எங்களுக்கு போர் தண்ணீர். மூன்றே வாரத்தில் கண்ணாடி டம்ளரெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தன. மெஷினில் தண்ணீரின் கடினத்துக்கு ஏற்ற அளவைச் செட் செய்து, அந்தக் கடினத்தைக் குறைக்க உதவும் டிஷ்வாஷர் உப்பைப் போட்ட பிறகே சரியானது. சமையல் உப்பைப் போடவே கூடாது. அதற்கு முன்னால், அழுக்குப் போகவில்லையென்று அதே பாத்திரங்களை இரண்டு முறை ஓட்டிய நாட்களும் உண்டு. ஒரு தடவை தண்ணீர்மீது பழி போட்டது தப்பு: கீழ்த்தட்டிலிருந்து தொங்கிய ஜல்லிக் கரண்டிக் காம்பு, தண்ணீர் பீய்ச்சிச் சுற்றும் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தது. இப்போது கதவை மூடுமுன் அந்தச் சுற்றும் கையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மூடுகிறேன்.

கடைசியில் சூடாகக் காய வைக்கிற எக்ஸ்ட்ரா டிரை பட்டனும் வேண்டியதில்லை. முடிந்ததும் கதவை நாலு விரல்கடை திறந்துவைத்தால் காலைக்குள் எவர்சில்வர் காய்ந்துவிடும். இரும்புத் தோசைக்கல், பித்தளைக் குத்துவிளக்கு, அலுமினியக் குக்கர் மூன்றும் எங்கள் வீட்டில் இன்றைக்கும் கைத்தேய்ப்புதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.