பதவி இழந்த 16 நீதிபதிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தொடக்க காலம் குறித்துக் கடந்த இதழில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். தமக்குரிய நியமன ஆணையைக் கேட்டு மார்பரி தொடுத்த மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் 1803 பிப்ரவரி 24 அன்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அளித்த தீர்ப்பே நீதித்துறையைக் கட்சிகளின் பிடியிலிருந்து காத்தது என்று கட்டுரையாளர் முடிக்கிறார். அரசமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது உண்மை. ஆனால், ஆறே நாள்களில் அதே நீதிமன்றம் அளித்த ஸ்டூவர்ட் எதிர் லேர்ட் தீர்ப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால்தான் இக்கடிதம்.

1800 தேர்தலில் தோற்ற பெடரலிஸ்ட் கட்சியினர், ஆட்சியை விட்டு இறங்குவதற்கு மூன்று வாரங்களுக்கு முன், 1801 பிப்ரவரி 13 அன்று ஒரு நீதித்துறைச் சட்டத்தைக் கொண்டுவந்தனர். அது 16 புதிய சுற்று நீதிபதிப் பதவிகளை (பல மாநிலங்கள் அடங்கிய வட்டாரங்களில் வழக்கு விசாரிக்கும் பதவிகள்) உருவாக்கியதோடு, உச்ச நீதிமன்றத்தில் அடுத்த இடம் காலியானதும் நீதிபதிகளின் எண்ணிக்கை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைய வேண்டும் என்றும் விதித்தது. புதிய அதிபர் ஜெஃபர்சனுக்கு முதல் நியமன வாய்ப்பே கிட்டாமல் செய்யும் ஏற்பாடு அது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கரடுமுரடான சாலைகளில் ஊர் ஊராகச் சென்று வழக்கு விசாரிக்க வேண்டியிருந்த துன்பத்தை அச்சட்டம் நீக்கியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த நல்ல சீர்திருத்தத்தைத் தம் கட்சிக்காரர்களுக்குப் பதவி வழங்கும் வழியாக அதிபர் ஆடம்ஸ் ஆக்கிவிட்டதே என் வருத்தம்.

ஜெஃபர்சன் கட்சியினர் 1802இல் அச்சட்டத்தையே நீக்கினர். செனட்டில் வாக்குகள் 16க்கு 15. நன்னடத்தை உள்ளவரை பதவியில் நீடிக்கலாம் என்ற அரசமைப்பின் உறுதிமொழியை நம்பியிருந்த சுற்று நீதிபதிகள், எந்தக் குற்றச்சாட்டும் இன்றிப் பதவி இழந்தனர். உச்ச நீதிமன்றம் உடனே குறுக்கிடாதபடி அதன் அமர்வுகளையும் மாற்றியமைத்ததால், 1803 பிப்ரவரி வரை அது கூடவே இயலவில்லை. கூடியபின், ஸ்டூவர்ட் வழக்கில் நீதிபதி பேட்டர்சன் எழுதிய தீர்ப்பு, 1801ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிய 1802ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இசைந்துபோனது. நீதிபதிகளை இப்படி வெளியேற்றலாமா என்ற கேள்விக்குள் அது நுழையவே இல்லை. கீழ்நிலையில் தாமே விசாரித்த வழக்கு என்பதால் மார்ஷல் அதிலிருந்து விலகினார். ஆடம்ஸ் அரசில் வெளியுறவுச் செயலராகவும் இருந்து, மார்பரியின் நியமன ஆணையை முத்திரையிட்டும் உரியவரிடம் சேர்ப்பிக்காமல் விட்டவர் அவரே. மார்பரி வழக்கிலும் அவர் விலகியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீதிபதிகளை உண்மையில் காத்தது 1805 மார்ச் 1 அன்று செனட்டில் நடந்த வாக்கெடுப்பு. நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி பிக்கரிங், மனநலம் குன்றியிருந்த நிலையில், முந்தைய ஆண்டுதான் பதவி நீக்கப்பட்டிருந்தார். அடுத்த இலக்கு உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ்; அவரை நீக்குவதா என்பதற்கே அந்த வாக்கெடுப்பு. 34 உறுப்பினர்களில் 25 பேர் ஜெஃபர்சன் கட்சியினர். நீக்குவதற்கு 23 வாக்குகள் போதும். இருந்தும் எந்தக் குற்றச்சாட்டுக்கும் 19க்கு மேல் கிடைக்கவில்லை. சேஸின் கட்சிச் சார்பான பேச்சுகளை வெறுத்தவர்களிலும் ஆறு பேராவது, அதற்காக ஒரு நீதிபதியை நீக்கக் கூடாது என்று தம் கட்சியை மீறி வாக்களித்தனர். அவர்களைப் பற்றியும் தங்கள் இதழில் ஒரு கட்டுரை வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்