வார்னிங்குக்கு மஞ்சள் போதாது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பெண்ணும் கம்ப்யூட்டர்தான் எடுக்கிறாளாமே, உன் ராத்திரி வேலையை இத்தனை வருஷம் கூடவே இருந்து பார்த்த பிறகுமா? சரி, வாழ்த்துகளைச் சொல்.

ப்ரோகிராமை ஓட்டாமலே தப்பு தேடும் லின்டர் சொல்லும் வார்னிங்கை டீமில் ஒருவரும் பார்ப்பதில்லை, மஞ்சளை மாற்றி வேறு கலர் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். கலரை மாற்று, ஆனால் அதை மட்டும் நம்பாதே. டெர்மினலுக்கு, அதாவது கட்டளை அடிக்கும் எழுத்துத் திரைக்கு, மஞ்சள் என்று நாம் அனுப்புவது 33 என்கிற எண்தான், அதை எந்த மஞ்சளாகக் காட்டுவது என்பது அவரவர் தீம் முடிவு செய்வது, வெள்ளைப் பின்னணி வைத்திருப்பவனுக்கு அந்த வரி கண்ணிலேயே படாது. சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்கச் சிரமப்படும் ஆண்களும் நிறைய உண்டு. போதாததற்கு, வெளியீட்டை ஃபைலுக்கோ, பைப் வழியாக இன்னொரு ப்ரோகிராமுக்கோ திருப்பிவிட்டால் பெரும்பாலான கருவிகள் கலரையே எடுத்துவிடும். சி ப்ரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரான ஜிசிசி 2014-இல் 4.9 பதிப்பில் கலரைக் கொண்டுவந்தபோதும், டெர்மினலுக்குப் போனால் மட்டும் கலர் என்று ஒரு ஆப்ஷன் வைத்தார்கள். அதனால் கலரே இல்லாமலும் வார்னிங் வார்னிங்காகத் தெரிய வேண்டும். ஃபைல் பெயர், வரி எண், அதை ஒட்டியே 'வார்னிங்' என்ற சொல், எல்லா வரியிலும் ஒரே இடத்தில். அப்படி இருந்தால் தேடவும் வரும், எடிட்டரும் அந்த வரிக்கே தாவும்.

அப்புறம் கடைசி வரி. ஓடி முடிந்ததும் கண் நிற்பது திரையின் அடியில்தான், மேலே போனதை யார் உருட்டிப் பார்க்கிறார்கள்? ஜாவாஸ்கிரிப்ட் லின்டரான ஈஎஸ்லின்ட் முடிவில் எத்தனை எரர், எத்தனை வார்னிங் என்று ஒரு வரி போடும் பார், உங்கள் கருவியிலும் அதை முதலில் செய்.

ஆனால் உன் தலைவலிக்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். பழைய வார்னிங் நானூறு குவிந்துகிடந்தால் நேற்று வந்த ஒன்றை எந்தக் கலர் காட்டிக்கொடுக்கும்? ஈஎஸ்லின்டில் எரர் இல்லாமல் வார்னிங் மட்டும் இருந்தால் அது முடியும்போது தரும் எண் (எக்ஸிட் கோட்) பூஜ்யம்தான், அதாவது எல்லாம் சரி, பில்டு, அதாவது ப்ரோகிராமைக் கட்டும் வேலை, பச்சையாகவே தேறிப் போய்விடும். அதற்குத்தான் 'மேக்ஸ் வார்னிங்ஸ்' என்ற ஆப்ஷன். இன்று எத்தனை இருக்கிறதோ அதையே உச்சவரம்பாக வை, ஒன்று கூடினாலும் பில்டு விழும், பழையதைக் குறைக்கக் குறைக்க எண்ணையும் இறக்கு. ஒரேயடியாகப் பூஜ்யம் வைத்தால் மறுநாளே எவனாவது அந்த வரம்பை எடுத்துவிட்டு, எரரை மட்டும் காட்டும் 'கொயட்' ஆப்ஷனைப் போட்டு மொத்தத்தையும் மறைத்துவிடுவான், உன் ஆட்களைப் பற்றி நீ எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். சி மொழிப் பக்கம் எல்லா வார்னிங்கையும் எரராக்கும் ஆப்ஷன் இருக்கிறது, அதை சிஐ-யில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தானாக பில்டு செய்து பார்க்கும் உங்கள் சர்வரில், மட்டும் வை. வெளியே கொடுக்கும் சோர்ஸ் கோடில் வைத்தால், புது கம்பைலர் புதிதாக ஒரு வார்னிங் கொடுக்கும் அன்றைக்கு அதை பில்டு செய்பவன் உன்னைத்தான் திட்டுவான்.

இங்கே எல்லோரும் நலம். முதுகுவலி மட்டும் விட்டபாடில்லை. டீமில் வெள்ளைப் பின்னணி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
ரவி