70 பவுண் எப்படி 138 ஆனது

ஹரோ
டிசம்பர் 2025

தம்பி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய காஸ், கரண்ட் பில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் பாதிதான் காதில் ஏறும், மற்றப் பாதி நீ சமைத்துக்கொண்டே கேட்பதில் போய்விடும், அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

உன் கேள்வி இதுதானே: 2025 அக்டோபரில் பிரைஸ் கேப், அதாவது காஸ், கரண்ட் விலைக்குப் போடுகிற உச்சவரம்பு, இரண்டு வீதம்தான் கூடியது, ஆனால் வங்கியில் இருந்து தானாகக் கழிகிற உன் டிரெக்ட் டெபிட் மட்டும் மாதம் 70 பவுணில் இருந்து 138க்கு ஏறியிருக்கிறது, இது என்ன நியாயம் என்று. நியாயமா இல்லையா என்பதற்குப் பிறகு வருகிறேன். கேப் ஒரு கணக்கு, உன் வங்கியில் மாதாமாதம் கழிகிற காசு இன்னொரு கணக்கு. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழம்புகிறார்கள்.

காஸ், கரண்ட் கம்பனிகளைக் கண்காணிக்கிற ஒஃப்ஜெம் அறிவிக்கிற உச்சவரம்பு, காஸ் ஒரு யூனிட்டுக்கும் கரண்ட் ஒரு யூனிட்டுக்கும் (யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணித்தியாலம்), பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் நாளாந்தம் விழுகிற ஸ்டாண்டிங் சார்ஜுக்கும் கம்பனி ஆகக் கூடியது எவ்வளவு வாங்கலாம் என்பது. உன் பில்லுக்கு அதில் எந்த எல்லையும் கிடையாது. ஊரில் அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டால் ஒரு கிலோ இவ்வளவுக்கு மேல் விற்கக்கூடாது என்றுதானே அர்த்தம், பத்துக் கிலோ வாங்கினவரும் ஐம்பது கிலோ வாங்கினவரும் ஒரே காசா கொடுப்பார்கள்? செய்தியில் "கேப் 1,755 பவுண்" என்று சொல்கிறார்களே, அது வருடத்துக்கு கரண்ட் 2,700 யூனிட்டும் காஸ் 11,500 யூனிட்டும் பாவிக்கிற, டிரெக்ட் டெபிட்டில் கட்டுகிற ஒரு சராசரி வீட்டுக்குப் போட்ட கணக்கு. அந்த எண்ணைத் தலைப்பில் போடாமல் யூனிட் விலையைப் போட்டிருந்தால் பாதிக் குழப்பம் வந்திராது என்பது என் எண்ணம். 2022இல் அரசாங்கம் 2,500 பவுண் உத்தரவாதம் என்று ஒன்று கொண்டுவந்தபோது, யாருமே 2,500க்கு மேல் கட்டத் தேவையில்லை என்கிற மாதிரி அப்போதைய பிரதமர் லிஸ் ட்ரஸே வானொலியில் பேசினார். அது தவறு என்று பிறகு எல்லோரும் திருத்தினார்கள், ஆனால் அதை நம்பி ஹீட்டிங்கைப் போட்டுவிட்டு இருந்தவர்கள் எத்தனை பேர்.

சரி, உன் கணக்குக்கு வருவோம். பேப்பரும் பேனாவும் எடு.

2025 அக்டோபரில் இருந்து டிசம்பர் முடியும் வரை, டிரெக்ட் டெபிட்டில் கட்டுகிறவர்களுக்கு நாட்டுச் சராசரியாக கரண்ட் யூனிட் 26.35 பென்ஸ், அதன் ஸ்டாண்டிங் சார்ஜ் ஒரு நாளைக்கு 53.68 பென்ஸ். காஸ் யூனிட் 6.29 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் 34.03 பென்ஸ். ஐந்து வீத வாட் வரி இதற்குள்ளேயே இருக்கிறது. இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், லீட்ஸில் உனக்கு வருகிற எண்ணும் இங்கே எனக்கு வருகிற எண்ணும் ஒன்றாக இராது, அதனால் உன் பில்லின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிற எண்களை எடுத்து நான் செய்கிற மாதிரியே நீயும் செய்து பார்.

இரண்டு ஸ்டாண்டிங் சார்ஜையும் கூட்டினால் ஒரு நாளைக்கு 87.71 பென்ஸ். வருடத்துக்கு 320 பவுண். ஒரு லைட் கூடப் போடாவிட்டாலும், நீ ஒரு மாதம் ஊருக்குப் போய் நின்றாலும், இது ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பெட்ரூம் வீட்டில் தனியாக இருக்கிற உனக்கு இது மொத்தத்தில் கால் பங்கு. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மின்சாரப் பில்லில் குறைவாகப் பாவிக்கிறவருக்கு மலிவு விலை, கூடப் பாவிக்கப் பாவிக்க யூனிட்டும் விலை ஏறும், அம்மம்மா மாதக் கடைசியில் 60 யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று மீட்டரைப் போய்ப் பார்ப்பார். இங்கே தலைகீழ். ஸ்டாண்டிங் சார்ஜையும் சேர்த்துப் பங்கிட்டால் வருடம் 2,700 யூனிட் பாவிக்கிற குடும்பத்துக்குக் கரண்ட் ஒரு யூனிட் 33.6 பென்ஸ் விழுகிறது, 1,800 பாவிக்கிற உனக்கு 37.2 பென்ஸ். சிக்கனமாக இருக்கிறவருக்குத்தான் யூனிட் விலை கூட. கம்பியும் குழாயும் பராமரிக்க, விழுந்துபோன கம்பனிகளின் செலவைத் தீர்க்க என்று காரணம் சொல்கிறார்கள், இருக்கட்டும், ஆனால் தனியே இருக்கிற வயதானவர்களும் அதே காசைக் கட்டுகிறார்களே.

உன் ரீடிங்குகளைப் பார்த்தால் நீ வருடத்துக்கு கரண்ட் 1,800, காஸ் 7,500 யூனிட் அளவில்தான் நிற்பாய், சின்ன வீட்டுக்கு ஒஃப்ஜெம் வைக்கிற கணக்கும் அதுதான். கரண்டுக்கு யூனிட்டுகளின் காசு 474 பவுண், ஸ்டாண்டிங் சார்ஜ் 196, ஆக 670. காஸுக்கு அதேபோல 472, 124, ஆக 596. மொத்தம் 1,266. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 105 பவுண் 50 பென்ஸ்.

அப்படியானால் ஏப்ரலில் இருந்து நீ கட்டிவந்த 70 குறைவு. யார் அந்த எழுபதைத் தீர்மானித்தது? கம்பனி. நீ குடிவந்த நேரம் உன்னைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அந்த வீட்டின் பழைய பாவனையை வைத்து ஒரு ஊகம் போட்டார்கள், வீடு அதற்கு முன் கொஞ்சக் காலம் பூட்டிக் கிடந்தது என்று நீதானே சொன்னாய். பில்லில் ரீடிங்குக்குப் பக்கத்தில் சின்னதாக "எஸ்டிமேட்டட்", அதாவது ஊகித்தது, என்று போட்டிருக்கிறது பார், ஜூனிலும் இருக்கிறது, செப்டம்பரிலும் இருக்கிறது. நவம்பரில்தான் உண்மையான ரீடிங் போயிருக்கிறது. அந்த ஒரு பில்லில் எட்டு மாத வித்தியாசமும் சேர்ந்து 141 பவுண் கடன் என்று வந்து நிற்கிறது.

டிரெக்ட் டெபிட்டின் சூத்திரம் இதுதான்: வருடச் செலவை ஊகித்துப் பன்னிரண்டு சமபங்காக எடுப்பார்கள். கோடையில் நீ கட்டுவது கூட, பாவிப்பது குறைவு, அதனால் கணக்கில் மிச்சம் சேரும். குளிர்காலத்தில் அந்த மிச்சம் கரையும். பனிக்காலம் தொடங்கும்போது கணக்கில் நூறு, நூற்றைம்பது பவுண் மிச்சம் இருந்தால் பயப்படத் தேவையில்லை, அது இருக்கத்தான் வேண்டும். உனக்கு அந்த இடத்தில் கடன் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவர்களுடைய கணினி தானாக 138 என்று ஏற்றிவிட்டது.

இப்போது நியாயமா என்பதற்கு வருகிறேன். உன் வருடச் செலவு 1,266, கடன் 141, இரண்டையும் சேர்த்தால் 1,407. அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 117 பவுண். அவர்கள் கேட்பது 138, அதாவது வருடத்துக்கு 1,656, கிட்டத்தட்ட ஒரு குடும்பத்தின் சராசரிக் கணக்கு. ஒன்றில் கடனைக் குறுகிய காலத்தில் அடைக்கப் பார்க்கிறார்கள், அல்லது உன் பாவனையைக் கூடுதலாக ஊகித்திருக்கிறார்கள். எது என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. கையில் இருக்கிற ஆகச் சரியான தகவலை வைத்துத்தான் மாதத் தொகையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்களுடைய லைசன்ஸிலேயே உள்ள நிபந்தனை. போன் எடுத்து இரண்டு கேள்வி கேள்: வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று வைத்திருக்கிறீர்கள், கடனை எத்தனை மாதத்தில் எடுக்கிறீர்கள். பதில் வந்ததும் உன் கணக்கைச் சொல்லி, 117க்கு மாற்றச் சொல். கோபப்படாதே, எண்ணைச் சொல்லு. இங்கே எங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்கு இதேபோல 260 கேட்டார்கள், அந்த அக்கா ரீடிங் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு கதைத்துத்தான் 190க்குக் கொண்டுவந்தார்.

கோபத்தில் வங்கிக்குப் போய் டிரெக்ட் டெபிட்டை நிறுத்திவிடாதே, தம்பி, இதை இரண்டு தரம் வாசி. நிறுத்தினால் பில் வந்தபின் கட்டுகிறவர்கள் பட்டியலில் உன்னைப் போடுவார்கள், அவர்களுக்கான உச்சவரம்பு இதைவிடக் கூட, கடனும் அப்படியே இருக்கும். கதைத்தும் சரிவராவிட்டால் முறைப்பாடு என்று சொல்லிப் பதியச் சொல், எட்டுக் கிழமைக்குள் தீராவிட்டால் இப்படியான பிணக்குகளைத் தீர்க்கிற எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் காசு இல்லை. அப்புறம் இன்னொன்று, அவர்கள் பிழையால் பில் போடாமல் விட்டுவிட்டு, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பழைய பாவனைக்குத் திடீரென்று காசு கேட்டால் கட்டத் தேவையில்லை. உனக்கு இப்போது அது பொருந்தாது, ஆனால் வேலையிடத்தில் யாராவது கேட்டால் சொல்லு.

காஸ் மீட்டரில் உள்ள எண் யூனிட் இல்லை, கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 11 யூனிட்டுக்கு வரும். மீட்டர் முகப்பில் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று ஒரு தரம் பார், பழைய வீடுகளில் கன அடியில் ஓடுகிற மீட்டரும் இருக்கிறது, அதைக் கம்பனி கன மீட்டர் என்று பதிந்துவிட்டாலோ மாறிப் பதிந்துவிட்டாலோ பில் மூன்று மடங்கு அளவுக்குப் பிழைத்துவிடும். பில்லிலும் மீட்டரிலும் ஒரே அளவு இருந்தால் போதும்.

நீ மேசைக்குக் கீழே வைத்திருக்கிற அந்த ஃபேன் ஹீட்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். அது 2 கிலோவாட். வீட்டில் இருந்து வேலை செய்கிற நாளில் ஐந்து மணித்தியாலம் போட்டால் பத்து யூனிட், 2 பவுண் 64 பென்ஸ். அதே சூட்டை வீட்டைச் சூடாக்குகிற காஸ் பொயிலரில் எடுத்தால் காஸ் பதினொரு யூனிட் போகும், 70 பென்ஸ்தான். ஒரு அறை மட்டும்தானே, அதனால் இது மலிவு என்று நீ நினைக்கிறாய். மற்ற அறைகளின் ரேடியேட்டர் வால்வைக் குறைத்துவிட்டு பொயிலரையே போடு. குளிரில் இருந்துகொண்டு மட்டும் காசு மிச்சம் பிடிக்காதே, உனக்குச் சின்ன வயதில் இருந்தே நெஞ்சுச் சளி. அடுப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம், தோசை சுடுகிற காஸ் எல்லாம் கணக்கிலேயே தெரியாது.

2026 ஜனவரி முதலாம் திகதி விலை மறுபடி மாறுகிறது. கேப் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். செய்தியில் 1,758, மூன்று பவுண்தான் கூடியது என்பார்கள், ஆனால் உள்ளே பார்த்தால் கரண்ட் 26.35இல் இருந்து 27.69க்கு ஏறுகிறது, காஸ் 6.29இல் இருந்து 5.93க்கு இறங்குகிறது. உனக்குப் பெரிய வித்தியாசம் வராது. காஸே இல்லாமல் கரண்டில் மட்டும் வீட்டைச் சூடாக்குகிற உன் சிநேகிதனுக்குத்தான் அடி. 2026 ஏப்ரலில் இருந்து சராசரி வீட்டுக்கு வருடம் 150 பவுண் அளவுக்குக் குறைக்கப்போவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் சொன்னார்கள், ஆனால் அதற்காக உன் மாதக் கட்டணம் தானாக இறங்கிவிடும் என்று இருந்துவிடாதே, அதையும் நீதான் கேட்டு மாற்றவேண்டி வரும்.

ஃபிக்ஸ் பண்ணலாமா, அதாவது ஒரு காலத்துக்கு மாறாத விலையில் ஒப்பந்தம் எடுக்கலாமா, என்றும் கேட்டாய். பில் கட்டுகிறவன் நீ என்றால் கம்பனி மாற்ற வீட்டுக்காரரின் தயவு தேவையில்லை. ஃபிக்ஸ் எடுத்தால் கேப் உனக்குப் பொருந்தாது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற விலைதான், இறங்கினாலும் ஏறினாலும். உன் வீட்டு ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, அங்கேயே இருப்பாயா என்று உனக்கே தெரியாத நேரத்தில் எக்ஸிட் ஃபீ, அதாவது இடையில் விலகினால் கட்டவேண்டிய காசு, உள்ள எதையும் எடுக்காதே. ஃபீ இல்லாமல், யூனிட் விலையும் ஸ்டாண்டிங் சார்ஜும் இரண்டுமே இப்போதையதைவிடக் குறைவாக ஒன்று கிடைத்தால் எடு. மாதத் தொகையைக் காட்டி ஆசை காட்டுவார்கள், அதைப் பார்க்காதே.

டிசம்பர் 31 அன்று, வெளியே போகுமுன், இரண்டு மீட்டரையும் படம் எடுத்து ரீடிங்கைக் கம்பனியின் ஆப்பில் போட்டுவிடு, அப்போதுதான் பழைய விலையில் பாவித்த கரண்டைப் புது விலையில் கணக்குப் போடமாட்டார்கள். படத்தை எனக்கும் அனுப்பு, நானும் இங்கே என் கொப்பியில் எழுதி வைக்கிறேன். திங்கள் மதியம் எனக்கு வேலை இல்லை, கம்பனியோடு கதைத்துவிட்டு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எடுத்துச் சொல்லு.

அன்புடன்,
அம்மா