கனவு பலனுக்குக் கீழே ஒரு வரி: காலண்டர் அச்சிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

சிவகாசி காலண்டர் அச்சக உரிமையாளர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவீர்கள். அதற்கு முன் இது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தினசரி காலண்டரில் பல்லி விழும் பலனோடு கனவு பலனும் போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் அதைப் பார்க்காமல் எந்தக் கனவையும் விட்டதில்லை. அப்பாவுக்கு 58 வயதானபோது தூக்கத்தில் கத்த ஆரம்பித்தார். யாரோ துரத்துவது போலக் கனவு வருமாம். சுவரை உதைப்பார், கையை வீசுவார். ஒரு நாள் விடியற்காலையில் அம்மாவின் தோளில் பலமாக அடி விழுந்தது. காலண்டரைப் பார்த்தோம், பகை என்றிருந்தது. அப்புறம் மந்திரித்தோம், தாயத்துக் கட்டினோம். அம்மா செய்வினை என்றே நம்பினார்.

ஒன்பது வருடம் கழித்து அப்பாவின் வலது கை நடுங்கியது. நரம்பு டாக்டர் கேட்டார்: "தூக்கத்தில் கை காலை உதறுவாரா?" அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

தூக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் ஒரு நிலை உண்டு. அதை 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் கண்டறிந்து எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. விடியும் நேரத்தில் இந்த நிலை நீள்வதால்தான் விடியற்காலைக் கனவு மனதில் நிற்கிறது. இந்தத் தூக்க நிலையில் மூளைத்தண்டு நம் தசைகளைப் பூட்டி வைத்திருக்கும். அந்தப் பூட்டு கெட்டால் மனிதர் கனவில் செய்வதைக் கட்டிலிலும் செய்வார். 1986-இல் மினசோட்டா மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். பரிசோதனையில் இந்த நோய் உறுதியான 1280 பேரைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, 12 ஆண்டுகளுக்குள் நான்கில் ஏறக்குறைய மூன்று பேருக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்க நோயோ அதைச் சேர்ந்த மறதி நோயோ வரலாம் என்று கணக்கிட்டது.

முன்பே தெரிந்தால் பார்க்கின்சனைத் தடுத்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். அப்படித் தடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் இந்த உதறலைக் குறைக்க மாத்திரை உண்டு. கட்டிலைத் தாழ்வாகப் போடலாம், பக்கத்தில் கண்ணாடிப் பொருள் வைக்காமல் இருக்கலாம். அம்மாவும் ஒன்பது வருடம் யாரையோ சந்தேகித்துக் கொண்டு இருந்திருக்க மாட்டார்.

கனவு பலனை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதன் கீழே இதைப் போடுங்கள்: "ஐம்பது வயதுக்கு மேல் கனவில் அடிக்கடி கத்தினாலோ, அடித்தாலோ, உதைத்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பார்க்கவும்." இடம் போதாவிட்டால் பல் விழும் கனவுக்கான பலனை எடுத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களை நினைத்து அதற்குப் பயந்தவர்கள் ஏராளம்.

அன்புடன்,
உங்கள் காலண்டரைத் தினமும் கிழிக்கும் ஒரு வீட்டிலிருந்து