கூட்டு மருந்து உட்கொள்வோரின் இரத்தக் கொழுப்பையும் அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருச்சியில் பொது மருத்துவராக இருக்கிறேன். எச்.ஐ.வி. தொற்றுக்காக நெடுங்காலம் கூட்டு மருந்து உட்கொண்டு வரும் நடுத்தர வயதினர் சிலர் காய்ச்சல், மூட்டு வலி போன்ற வேறு காரணங்களுக்காக என்னிடம் வரும்போது, அவர்களது இரத்தத்தில் கொழுப்பு அளவுக்கு மீறி இருப்பதைக் காண்கிறேன். இவர்கள் கூட்டு மருந்து வழங்கும் அரசு ஏ.ஆர்.டி. மையத்துக்குத் தவறாமல் சென்று மாத்திரை வாங்குபவர்கள். தங்கள் சிடி4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையையும், இரத்தத்தில் உள்ள வைரஸ் அளவைக் காட்டும் வைரல் லோடு முடிவையும் கேட்டவுடன் சொல்லக்கூடியவர்கள். ஆனால் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று கேட்டால், அப்படியொரு பரிசோதனை செய்துகொண்ட நினைவே இல்லை என்கிறார்கள். இந்தக் குறையைச் சரிசெய்யத் தேவையான ஆய்வகமும் மாத்திரையும் ஆட்களும் ஏற்கெனவே அரசிடம் இருப்பதால், இதைப் பொதுமக்கள் பார்வைக்கும் நலவாழ்வுத் துறையின் பார்வைக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில்தான். இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரல் முதல் தேதி தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அன்று முப்பது வயதில் மாத்திரை தொடங்கியவருக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. காசநோயிலிருந்தும் மூளைக்காய்ச்சலிலிருந்தும் தப்பிப் பிள்ளைகளை வளர்த்து, பேரக்குழந்தை எடுத்தவர்களும் இவர்களில் உண்டு. இனி இவர்களுக்கு வரக்கூடிய ஆபத்து, அந்த வயதில் நம் எல்லோருக்கும் வரும் மாரடைப்பும் பக்கவாதமும்தான். ஆனால் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது.

கூடுதலாக வருவதற்குக் காரணம் ஒன்றல்ல. சிகிச்சை தொடங்கும் முன் தொற்று முற்றியிருக்கும் நிலையில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்., நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். இரண்டுமே குறைந்து, டிரைகிளிசரைடு என்ற மற்றொரு வகைக் கொழுப்பு மட்டும் ஏறியிருக்கும். மாத்திரை வேலை செய்து உடல் தேறும்போது எல்.டி.எல். மீண்டும் உயர்வது ஓரளவுக்கு உடல்நலம் திரும்புவதன் அடையாளமே. அதற்கு மேல் ஏறுவதில் மருந்துக்குப் பங்குண்டு. தொடக்க ஆண்டுகளில் பரவலாகக் கொடுக்கப்பட்ட ஸ்டாவுடின் கன்னத்திலும் கை கால்களிலும் இருந்த கொழுப்பைக் கரைத்ததோடு இரத்தக் கொழுப்பையும் குலைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. அந்த மாத்திரை போய்விட்டாலும் ஒட்டிய கன்னங்களோடு இன்றும் பலர் நம்மிடையே நடமாடுகிறார்கள். அடுத்து வந்த எஃபாவிரென்ஸும் கொலஸ்ட்ராலையும் டிரைகிளிசரைடையும் சற்று உயர்த்தக்கூடியதே. முதல் கட்ட மருந்து பலனளிக்காமல் இரண்டாம் கட்டத்துக்கு மாற்றப்பட்டவர்கள் ரிட்டோனாவிர் சேர்ந்த லோப்பினாவிர் அல்லது அட்டசனாவிர் உட்கொள்கிறார்கள். இவற்றில், குறிப்பாக லோப்பினாவிரில், டிரைகிளிசரைடு வெகுவாக ஏறும். டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது 500-ஐத் தாண்டினால் இதயத்தைப் பற்றி மட்டுமல்லாமல், கணையம் வீங்கிவிடுமோ என்றும் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

2020-க்குப் பிறகு பெரும்பாலோர் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரைக்கு மாறியிருக்கிறார்கள். கொழுப்பைப் பொறுத்தவரை இது நல்ல மாற்றம்தான். டெனோஃபோவிர் அதைச் சற்றுக் குறைக்கவும் செய்கிறது. ஆனால் டோலுடெக்ராவிர் தொடங்கியபின் சிலருக்கு, அதிலும் பெண்களுக்கு, எடை கூடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த பின்னும் நோய் எதிர்ப்பு மண்டலம் முழுதாக அடங்குவதில்லை. அந்த ஓயாத அழற்சி இரத்தக்குழாயின் உட்சுவரை மெல்ல மெல்லச் சேதப்படுத்துகிறது. ஆகவே, தொற்று இல்லாத ஒருவருக்குப் பரவாயில்லை என்று விட்டுவிடக்கூடிய கொலஸ்ட்ரால் அளவை இவர்களுக்கு அப்படி விட்டுவிட முடியாது. தெற்காசியர்களான நமக்கு இயல்பாகவே எச்.டி.எல். குறைவு, டிரைகிளிசரைடு அதிகம், தொப்பையும் சீக்கிரம் விழும். மூன்று வேளையும் வெள்ளை அரிசி, ரேஷன் கடைப் பாமாயில், கூடவே பீடி என்று இருப்பவருக்கு நிலைமை எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் மருத்துவர்களுக்குத் தெரியாத செய்தியல்ல. தேசிய சிகிச்சை வழிகாட்டுதலிலும் இரத்தக் கொழுப்புப் பரிசோதனைக்கு இடமுண்டு. சிக்கல், நோயாளி நிற்க வேண்டிய வரிசைகள் இரண்டாக இருப்பதில்தான். எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மையம்; சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்குத் தொற்றா நோய்ப் பிரிவு. ஒரே வளாகத்தில் நூறடி தூரத்தில் இருந்தாலும், ஒன்றில் மருந்து வாங்குபவர் மற்றொன்றுக்குப் போகத் தயங்குகிறார். அங்கே சீட்டு எழுதுபவர் தன் ஊர்க்காரராக இருக்கலாம், "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்ற கேள்வி பத்துப் பேர் முன்னிலையில் வரலாம் என்ற அச்சம் அவருக்கு. ஒருவரின் தொற்று நிலையை அவரது சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருப்பதால் மட்டும் அந்த அச்சம் தீர்ந்துவிடவில்லை; இத்தனை ஆண்டுகளில் அவர் பட்டது அப்படி.

அந்தத் தயக்கத்தை மீறி வெளியே ஒரு கிளினிக்குக்குப் போகிறவர் கூட்டு மருந்தைப் பற்றிச் சொல்லாமல் மறைத்துவிடும்போது, ஆபத்து வேறு வடிவம் எடுக்கிறது. கொழுப்பைக் குறைக்க நாங்கள் எழுதும் ஸ்டாட்டின் மாத்திரைகளில் சிம்வாஸ்டாட்டினும் லோவாஸ்டாட்டினும் ரிட்டோனாவிரோடு ஒருபோதும் சேரக் கூடாதவை. கல்லீரலில் இவற்றைச் சிதைக்கும் நொதியை ரிட்டோனாவிர் முடக்கிவிடுவதால், ஸ்டாட்டினின் அளவு இரத்தத்தில் பல மடங்கு ஏறித் தசை நார்கள் சிதைந்து, சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்கும் போகலாம். அட்டோர்வாஸ்டாட்டினைக் கொடுக்கலாம், ஆனால் 10 மில்லிகிராமில் தொடங்கி, பொதுவாக 20-ஐத் தாண்டாமல் கொடுக்க வேண்டும். எஃபாவிரென்ஸ் உட்கொள்பவருக்கோ கதை தலைகீழ். ஸ்டாட்டின் வேகமாகச் சிதைக்கப்பட்டு, வழக்கமான அளவு போதாமல் போகலாம். டோலுடெக்ராவிருக்கு ஸ்டாட்டினோடு பிணக்கில்லை. ஆனால் அது சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினின் அளவை இரத்தத்தில் உயர்த்துவதால், நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருவது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைக் கொடுக்கும் ஊழியருக்கு அந்த வீட்டில் வேறொரு மாத்திரை டப்பாவும் இருப்பது தெரிய வழியில்லை. நோயாளி மறைத்தது தவறு என்று கடிந்துகொள்வது எளிது. மறைக்கத் தேவையில்லாத ஓரிடத்தில் இந்தச் சிகிச்சை கிடைக்கச் செய்வதுதான் முறை என்பது என் கருத்து.

அந்த இடம் ஏ.ஆர்.டி. மையமே. அங்கே அவரது தொற்று நிலை ஏற்கெனவே தெரியும். எந்த மாத்திரை எந்த மாத்திரையோடு சேராது என்பதை அறிந்த மருத்துவரும், மனம் விட்டுப் பேசக்கூடிய ஆலோசகரும், மருந்தாளுநரும் அங்கேயே இருக்கிறார்கள். வைரல் லோடுக்கு இரத்தம் எடுக்கும் அன்றே கூடுதலாக ஒரு குழாய் எடுத்து, அதே மருத்துவமனையின் உயிர்வேதியியல் ஆய்வகத்துக்கு அனுப்பினால் லிப்பிட் பரிசோதனை எனும் இரத்தக் கொழுப்புப் பரிசோதனை முடிந்துவிடும். இரண்டாம் கட்ட மருந்தில் இருப்பவர்களுக்கும் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைக் கட்டாயமாக்கி, தேவைப்படுவோருக்கு ஸ்டாட்டின் மாத்திரையைக் கூட்டு மருந்து தரும் அதே சாளரத்தில் கொடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பரிசோதனையைப் பற்றி மட்டும் பேசினால் போதாது என்பதற்கு வலுவான சான்று 2023-இல் வந்தது. ரிப்ரீவ் என்ற ஆய்வில் இந்தியா உட்படப் பன்னிரண்டு நாடுகளைச் சேர்ந்த 7,769 பேர் பங்கேற்றார்கள். அனைவரும் 40 முதல் 75 வயதுக்குட்பட்ட, கூட்டு மருந்து உட்கொள்ளும், இதய நோய் அபாயம் குறைவு அல்லது நடுத்தரம் என்று மதிப்பிடப்பட்டவர்கள். ஆய்வில் சேரும்போது அவர்களது எல்.டி.எல். அளவின் நடுமதிப்பு 108-தான். அதாவது வழக்கமான கணக்கில் பலருக்கு ஸ்டாட்டின் எழுதவே தோன்றாது. தினமும் 4 மில்லிகிராம் பிட்டாவாஸ்டாட்டின் எடுத்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் 35 விழுக்காடு குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். தசை வலியும் புதிதாகச் சர்க்கரை நோயும் மாத்திரை எடுத்தவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதை வைத்து எல்லோருக்கும் ஸ்டாட்டின் கொடுங்கள் என்று நான் வாதிடவில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதைத் துறை வல்லுநர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்போடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடி வருபவருக்கு உடனே கொடுப்பதற்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு அட்டோர்வாஸ்டாட்டினையும் நம் அரசு கையிருப்பில் வைத்திருக்கிறது. மாரடைப்பு வந்தபின் கிடைக்கிற மாத்திரை, அது வராமல் தடுப்பதற்கு ஏ.ஆர்.டி. மையத்தில் ஏன் கிடைக்கக் கூடாது?

இக்கடிதத்தைப் படிக்கும் நோயாளி எவரேனும், கூட்டு மருந்தால்தான் கொழுப்பு ஏறுகிறது என்று எண்ணி அதை நிறுத்திவிடக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மருந்தை இடையிடையே நிறுத்தி வைத்தால் பக்கவிளைவு குறையுமா என்று பார்த்த ஸ்மார்ட் என்ற பன்னாட்டு ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. நிறுத்தியவர்களிடையே இறப்பு கூடியது. குறையும் என்று எதிர்பார்த்த இதய, சிறுநீரக, கல்லீரல் பாதிப்புகளும் கூடின. மருந்தை மாற்ற வேண்டுமா என்பதை ஏ.ஆர்.டி. மருத்துவர் முடிவு செய்வார். நோயாளி செய்ய வேண்டியது, வெளியில் வாங்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், ஆயுர்வேத, சித்த மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டு அடுத்த முறை மையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவதுதான். புகையை விடுவது எந்த மாத்திரைக்கும் குறையாத பலன் தரும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து வரச் சொன்னால், விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்து இரண்டு பேருந்து மாறி வருபவர்கள், அதிலும் கூலி வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள், இந்தப் பரிசோதனைக்கு வரமாட்டார்கள் என்று மைய ஊழியர்கள் சொல்லக்கூடும். அது நியாயமான கவலைதான். ஆனால் முதற்கட்டப் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தவரின் இரத்தத்திலும் மொத்தக் கொலஸ்ட்ராலையும் எச்.டி.எல். அளவையும் நம்பகமாக அளக்கலாம். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டுபவரை மட்டும் மறுமுறை வெறும் வயிற்றில் வரச் சொன்னால் போதும். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இதை ஒரு சுற்றறிக்கையாக எல்லா ஏ.ஆர்.டி. மையங்களுக்கும் அவற்றோடு சேர்ந்த இணைப்பு மையங்களுக்கும் அனுப்பலாம்.

இப்படிக்கு,
பொது மருத்துவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.