முகம் பார்க்கக் கற்றுத் தந்தவர்களுக்கு

அம்போசெலிக் களப்பணியாளர்களுக்கு வணக்கம்.

இந்த மடலை உங்களால் படிக்க முடியாது. தமிழில் எழுதக் காரணம் உண்டு. ஆய்வேடு முடிந்ததும் ஊரில் எல்லாரும் என்னையே பாராட்டுகிறார்கள். அது யாருக்குப் போக வேண்டியது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

கென்யாவில், கிளிமஞ்சாரோ தெரியும் அந்தப் புழுதிவெளியில், 1971 முதல் மஞ்சள் பபூன் குரங்குகளை விடாமல் கவனித்து வருகிறீர்கள். சாயம் பூசி அடையாளம் வைப்பதில்லை. முகம், கிழிந்த காது, வால் வளைவு, நடை இவற்றைக் கொண்டே எது யாரென்று சொல்லிவிடுவீர்கள். எனக்கோ முதல் மாதம் முழுக்க எல்லாம் ஒரே குரங்கு. ஒருநாள் ஒருத்தியின் கழிவைக் குடுவையில் அள்ளி (ஹார்மோன் அளக்கத்தான்) பெருமையாகச் சீட்டு ஒட்டினேன். "இது அவள் தங்கையுடையது" என்றீர்கள், சிரிக்காமல். சிரித்திருக்கலாம்.

ஒருத்தியைப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும், நிமிடத்துக்கொரு குறிப்பு எழுத வேண்டும். யாரைப் பார்ப்பது என்பது முன்பே குலுக்கிப் போட்ட வரிசை. பக்கத்தில் இரண்டு ஆண்கள் பல்லைக் காட்டி மோதும்போது, என் முறைக்கு வந்தவள் தூங்கி வழிவாள். கண் சண்டைக்கு ஓடும். "உன் ஆளைப் பார்!" என்று அதட்டுவீர்கள். விலங்குகளை எப்படிக் கவனித்துக் குறிப்பெடுப்பது என்று, இந்த ஆய்வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். புரிந்தது உங்கள் அதட்டலில். சண்டையை மட்டும் எழுதியிருந்தால், பபூன் என்றாலே சண்டை என்று ஊர் திரும்பியிருப்பேன். பெரும்பொழுது அவை புல்லின் கிழங்கைத் தோண்டுகின்றன, ஒட்டி உட்கார்ந்து பேன் பார்க்கின்றன. உறவு பலமாக உள்ள தாய்களின் குட்டிகளே முதல் ஆண்டை அதிகம் தாண்டுகின்றன என்று 2003-இல் வெளியான முடிவு, இப்படிப்பட்ட சலிப்பான நிமிடங்களைக் கூட்டிக் கூட்டிக் கிடைத்ததுதான்.

பபூன் கூட்டத்தின் அந்தஸ்து வரிசையில் கடைக்குட்டி மகள் அக்காக்களை மிஞ்சித் தாய்க்கு அடுத்த இடத்தைப் பிடிப்பாள் என்பதையும் நீங்களே காட்டினீர்கள். மூத்த மகளான எனக்கு அதில் தீராத வருத்தம்.

உகாலிக்கு (சோளமாவுக் களி) என் எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, இன்னும் கேட்ட முகாம் சமையற்காரருக்கு நன்றி. புதருக்குள் காட்டெருமை நிற்கிறது என்று என்னைக் கைகாட்டி நிறுத்திய மாசாய் மேய்ப்பர்களுக்கு என் உயிர் கடன்.

அந்தத் தங்கைக்குக் குட்டி பிறந்திருப்பதாகப் போன வாரம் படம் அனுப்பினீர்கள். நன்றாகப் பார்த்தீர்களா? அக்காவின் குட்டி இல்லையே?

ஆஷே ஓலெங். (மாசாய் மொழியில், மிக்க நன்றி.)