சிறிய அறையில் வாசிக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் கச்சேரித் தேதியை அப்பா நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். நிகழ்ச்சி உறுதியான மகிழ்ச்சியைச் சொன்ன கையோடு, அறை மிகச் சிறியது, மேடைகூடக் கிடையாது, கேட்பவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நீ குறைபட்டுக்கொண்டாய் அல்லவா, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கம்பிகளின் மேல் உருளையை வழுக்கி நீ வாசிக்கும் ஸ்லைடு கிட்டார் இப்படிப்பட்ட இடங்களில்தான் வளர்ந்தது. 1959 செப்டம்பரில் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர்களான ஆலன் லோமாக்ஸும் ஷெர்லி காலின்ஸும் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தின் கோமோவில் ஃபிரெட் மெக்டவலை முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தபோது, அவர் பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு மாலையில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வாசிக்கும் குடியானவராகத்தான் இருந்தார். நீ அனுப்பிய அவருடைய பதிவுகளைப் பல இரவுகள் கேட்டுவிட்டேன். பாடிக்கொண்டே வந்து ஒரு வரியைப் பாதியில் விட்டுவிடுகிறார். மீதிச் சொற்களைக் கம்பி பாடி முடிக்கிறது. அந்த இடத்தில் வாய் மூடியதும் கம்பி தொடங்கியதும் ஒரே மூச்சில் நடப்பதைக் கேட்பவர் உணர வேண்டுமானால், அவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். நீ அடிக்கடி போய்வரும் சான்டா மோனிகாவின் மக்கேப்ஸ் கிட்டார் கடையை எண்ணிப் பார். சுவரெங்கும் கிட்டார்கள் தொங்கும் அதன் பின்னறையில் ஏறக்குறைய 150 பேர்தான் அமர முடியும். ஆனாலும் 1969 முதல் பெரிய பெரிய கலைஞர்களெல்லாம் அங்கே விரும்பி வந்து வாசித்திருக்கிறார்கள்.

வீணையைப் போன்ற கோட்டுவாத்தியம் பயின்றவள் நான் என்பதால் உன் வாத்தியம் எனக்கு அந்நியமாகப் படவில்லை. சுர இடங்களைக் காட்டும் குறுக்குக் கம்பிகளான மெட்டுகள் அதில் கிடையாது. வலது கை மீட்ட, இடது கை கட்டையைக் கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டே சுரத்தைத் தேடிப் போக வேண்டும். உன் கிட்டாரில் மெட்டுகள் இருந்தும், கம்பிகளை உயர்த்திக் கட்டி மடியில் கிடத்தி வாசிக்கும்போது அவை கண்ணுக்கு அடையாளமாக மட்டுமே நிற்கின்றன. உருளையை மெட்டுக் கம்பிக்கு நேர் மேலே நிறுத்தினால்தான் சுருதி சேரும். அரிசியளவு பின்னால் நின்றாலும் அது பொய்த்துவிடும். நீ டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று சேர்க்கும் சுருதி என் காதில் ச, ப, ச, க, ப, ச என்றே விழுகிறது. இதில் அந்தக் காந்தாரத்தை, அதாவது 'க' சுரத்தைப் பற்றி மட்டும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையைப் பாடுபவர்கள் சற்றுத் தாழ்ந்த சாதாரண காந்தாரத்துக்கும் உயர்ந்த அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஓரிடத்தில் நின்று பாடுகிறார்கள், மெக்டவலின் உருளையும் அங்கேதான் நிற்கிறது. நீ சென்ற மாதம் அனுப்பிய பதிவில், சிறுவயதுப் பயிற்சியின் வலிமையாலோ என்னவோ, ஒவ்வொரு முறையும் அந்தர காந்தாரத்தை முழுமையாகத் தொட்டுவிட்டுத்தான் இறங்குகிறாய். சுருதி சுத்தமாக இருக்கிறது, ஆனால் பாட்டின் ஏக்கம் அங்கே தணிந்துபோகிறது. கொஞ்சம் கீழேயே நிற்கப் பழகு. சின்ன அறையில் அந்த நுட்பம் கடைசி வரிசைவரை போய்ச் சேரும்.

பாடல்களைப் பற்றியும் என் மனத்தில் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பருத்திக் காட்டையும் சரக்கு ரயிலையும் பற்றிய பழைய பாடல்களை நீ உருகிப் பாடுகிறாய். அவற்றை உண்டாக்கிய கறுப்பின மக்களின் துன்பத்தை மதிக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொற்களை ஒத்தே நீயும் புதிதாக எழுதும்போது, அது நீ வாழாத வாழ்க்கையாகவே கேட்கிறது. ஸ்லைடு கிட்டார் கலைஞர் கெல்லி ஜோ ஃபெல்ப்ஸின் வழியை நீ கவனித்துப் பார்க்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்து, ஜாஸ் குழுக்களில் பாஸ் வாசித்துக்கொண்டிருந்த அவர், மெக்டவல் போன்றவர்களைக் கேட்ட பிறகு கிட்டாரை மடியில் கிடத்தினார். 1994இல் வந்த முதல் தொகுப்பில் பழைய புளூஸும் பக்திப் பாடல்களும் அவருடைய சொந்தப் பாடல்களும் கலந்திருந்தன. மடியில் கிடத்தி வாசிப்பதில் அவருக்கு இணையில்லை என்று எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2001இல் வெளியிட்ட தொகுப்பில் அந்த முறையை விட்டுவிட்டுத் தன் சொற்களை முன்னால் நிறுத்திப் பாடினார். பெயர் வாங்கித் தந்த வித்தையைப் பாட்டுக்காக ஒதுக்கி வைப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! பின்னர் 2012இல் ஸ்லைடுக்கே திரும்பி வந்தார். 2022இல் அவர் மறைந்த செய்தியை நீ தொலைபேசியில் சொன்னபோது உன் குரல் இடறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீ உருளையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாட்டி இறந்த வாரத்தில் எழுதியதாகச் சொல்லி, நான்கே வரிகள் பாடி அனுப்பினாயே, மருத்துவமனை வராந்தாவின் விளக்கைப் பற்றி, அதைப் போல ஏழெட்டுப் பாடல்கள் உன்னிடம் சேர்ந்துவிட்டால் நீ யாருடைய நிழலிலும் நிற்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டை முடித்துவிட்டாயா?

மற்றவை சிறிய செய்திகள்தான். ஒரே சுருதியில் அமைந்த பாடல்களை அடுத்தடுத்து வைத்துக்கொண்டால், பாட்டுக்குப் பாட்டு முறுக்காணியைத் திருப்பிக்கொண்டிருக்க நேராது. அப்படியும் திருப்ப நேர்ந்தால் அவசரப்படாமல் செய். பக்கத்தில் இருப்பவர்கள் நீ சுருதி சேர்ப்பதையும் ஆசையோடு கவனிப்பார்கள். புதுக் கம்பிகளை இரண்டு நாள் முன்பாகவே மாட்டிவிடு, அப்போதுதான் அவை இழுபட்டு நிலைக்கும். ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்க முடியுமா என்று அந்த இடத்துக்காரர்களிடம் கேட்டுப் பார். முடியாது என்றால் அளவாகவே வைக்கச் சொல். உருளை கம்பியின் மேல் உரசும் ஓசை வெளியே கேட்டுவிடுமே என்று பயப்படாதே. கோட்டுவாத்தியத்திலும் கட்டை நகரும் ஓசை கேட்கத்தான் செய்யும். அதைக் கேட்டு யாரும் எழுந்து போனதை நான் பார்த்ததில்லை.

பாட்டியைப் பற்றிய அந்தப் பாட்டு முடிந்திருந்தால், அதை நிகழ்ச்சியின் கடைசியில் ஒளித்து வைக்காமல் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பாடு. எந்த வரிசையில் பாடப் போகிறாய் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பு. அப்பாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா